நமுத்த சாம்பல்

அந்த வருஷம் எல்லாப் பழியும் சாம்பல்மேல்தான் விழுந்தது.

ஆடி மாசத்தில் ஒரு வீட்டுத் தறிக்குப் பாவு பிணைத்துக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், அந்த வீட்டு நெசவாளி காய்கறிக் கடை வாசலில் நீலாம்பாளை நிறுத்தினான். "இன்னாக்கா, பதினேழு இழை வழுக்கிடிச்சி. அச்சுக்குள்ள தேடித் தேடி என் கண்ணே பூத்துப்போச்சி" என்றான். சண்டைக்குச் சொல்லவில்லை பாவம், ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னான். நீலாம்பாள் பிணைத்த இழை வழுக்கும் என்று பெரிய காஞ்சிபுரத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அவளே நினைத்துப் பார்த்ததில்லை. "வரட்டிச் சாம்பல்ல மண்ணு கலந்திருந்திச்சி தம்பி" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த கத்தரிக்காயை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

பட்டுச் சேலை கட்டுகிறவர்கள் ஜரிகையைப் பார்ப்பார்கள், கரையைப் பார்ப்பார்கள், தூக்கி எடை பார்ப்பார்கள். பாவு பிணைத்த கையை யார் பார்க்கிறார்கள்? தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், அச்சு என்கிற சீப்பிலும் விழுது என்கிற நூல் கண்ணிகளிலும் கோத்திருக்கிற இழைகளை உருவ மாட்டார்கள். உருவினால் நாலாயிரம் கண்ணில் நாலாயிரம் இழையை மறுபடி கோக்கவேண்டும், அதற்கு எவனுக்கு உயிர் இருக்கிறது? பழைய பாவின் நுனிகளை ஒரு சாண் விட்டு வைத்துவிட்டு, புதுப் பாவை அதன் பின்னால் கொண்டுவந்து கட்டி, பழைய இழை ஒன்று புது இழை ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவார்கள். முடிச்சுப் போடக்கூடாது, முடிச்சு விழுதுக் கண்ணில் மாட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு, மடித்து இன்னொரு முறுக்கு, அவ்வளவுதான் காரியம். அதை நம்பித்தான் புதுப் பாவு முழுக்கப் பழையதன் வாலைப் பிடித்துக்கொண்டு விழுது வழியாக, அச்சு வழியாக முன்பக்கம் வந்து சேரவேண்டும். வழியில் ஓர் இழை கைவிட்டால் நெசவாளி குனிந்து உட்கார்ந்து அதைத் தேட வேண்டும். இருபது இழை கைவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இரண்டு பக்கத்து இழைகளையும் வரிசை தப்பாமல் எடுத்து நீட்டவேண்டும், இன்னொருத்தி முறுக்கவேண்டும். எடுத்துக் கொடுக்கிறவள் சம்பூர்ணம், நீலாம்பாளின் நாத்தனார். முறுக்குகிறவள் நீலாம்பாள். இருபது வருஷமாக அப்படித்தான். நீலாம்பாளின் புருஷன் காலரா கண்ட வருஷம் போய்ச் சேர்ந்தான். சம்பூர்ணத்தின் புருஷன் பெங்களூருக்குத் தறி நெய்யப் போனவன், போனவன்தான். அண்ணிக்கு நாத்தனாரும் நாத்தனாருக்கு அண்ணியும் என்று ஒரே கூரையின்கீழ் இரண்டு பெண்கள். ஊரில் உள்ள அண்ணி நாத்தனார்கள் எல்லாரும் அடித்துக்கொண்டு கிடக்க, இவர்கள் மட்டும் காலையில் ஒன்றாகக் கிளம்பிப் போய் அந்தியில் ஒன்றாகத் திரும்பி வருவார்கள். சண்டை போடாமல் இல்லை. சம்பூர்ணத்துக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் அவளுடைய வாய் எங்கே போனாலும் கை இழையை விட்டு நகராது.

நீலாம்பாளின் விரலைப் பற்றி அந்தத் தெருக்களில் ஒரு பேச்சு உண்டு. இருட்டில் கொடுத்தாலும் பிணைப்பாள் என்பார்கள். அது உண்மைதான். அவள் கண்ணால் பார்த்து முறுக்கியவள் இல்லை. முறுக்கு பிடித்ததும் இழை விரலுக்குள் சின்னதாக ஓர் உதறல் உதறும். அது வந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம், அடுத்ததற்குப் போகலாம். வராவிட்டால் இன்னொரு முறுக்கு. ஆயிரக்கணக்கான பாவுகளில் அவளை வழிநடத்தியது அந்த உதறல் ஒன்றுதான்.

அந்த உதறல் நின்றுபோனது எந்த நாளில் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சாமி வந்து சொல்லிவிட்டா போகும்? சித்திரையில் இருந்தது, வைகாசியில் இருந்ததா என்று சந்தேகம், ஆனியில் இல்லை. முதலில் பட்டுதான் மாறிவிட்டது என்று நினைத்தாள். பெங்களூரிலிருந்து வருகிற பட்டு இப்போதெல்லாம் வழவழவென்று வருகிறது என்றாள். பிறகு சாம்பல் என்றாள். அதில் அவளுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. பட்டை மாற்ற அவளால் முடியாது, சாம்பலை மாற்றலாம் அல்லவா?

வரட்டிச் சாம்பலை மல்துணியில் சலித்தாள். சரிப்படவில்லை. நெல் குத்துகிற மில்லிலிருந்து உமிச் சாம்பல் வாங்கி வந்தாள், அது கரகரவென்று இழையை அறுத்தது. புளிய விறகை மட்டும் தனியாக எரித்துச் சாம்பல் எடுத்தாள். கடைசியில் ஒரு நாள் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய் ஒரு பொட்டலம் விபூதி வாங்கிக்கொண்டு வந்து, அதைக் கிண்ணத்தில் கொட்டி வேலைக்கு எடுத்துக்கொண்டாள்.

"சாமி விபூதிய நூலுல தேய்க்கிறியே அண்ணி, ஆவுமா?" என்றாள் சம்பூர்ணம்.

"அவரு நெத்தியில நிக்கிறது நம்ம நூலுல நிக்காதா?"

"நெத்தி நின்ன எடத்துல நிக்குது. நூலு ஓடுதே" என்றாள் சம்பூர்ணம். ஆனால் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்படிப் பாதியில் நிறுத்துகிற ஆளே இல்லை.

விபூதி நின்றது! கந்தன் என்கிற நெசவாளி வீட்டுப் பாவு அது. பாவை இழுத்த மறுநாள் கந்தனே வந்து, இரண்டே இரண்டு இழைதான் வழுக்கியது என்று சொல்லிவிட்டுப் போனான். நீலாம்பாள் அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ஏகாம்பரநாதா, என் தலையில் கல்லைப் போடாமல் விட்டாயே என்று வாய்விட்டே சொன்னாள். சம்பூர்ணம் பொங்கலைத் தின்றாள், நன்றாயிருக்கிறது என்றாள், முற்றத்துக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

நீலாம்பாள் முட்டாள் இல்லை. வலது முழங்கைக்குக் கீழே எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வெளுப்பு இருந்தது. தேமல் என்று சொல்லி மஞ்சள் பூசினாள். அந்த இடத்தில் கொசு கடித்தால் தெரிவதில்லை. காமாட்சி அம்மன் கோயில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களில் சிலர் துணி சுற்றிய கையை நீட்டுவார்கள், விரல்கள் பாதியில் முடிந்திருக்கும். முன்பெல்லாம் அவர்களிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாள். இப்போது காசைப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள். தெரியும் என்று ஒத்துக்கொண்டால் அந்த நிமிஷமே கை போய்விடும் என்பது அவள் எண்ணம். சாம்பல் என்று சொல்லிக்கொண்டிருக்கிற வரைக்கும் கை இருக்கும். தெருவுக்குத் தெரிந்தால் எந்த வீட்டிலும் அவளைத் தறிப்பக்கம் விடமாட்டார்கள். தறிப்பக்கம் என்ன, வாசல்படியே ஏற விடமாட்டார்கள். அவளுக்குச் சமையல் வேலை தெரியாது, நெசவு தெரியாது, முறுக்கத்தான் தெரியும். அவளோடு இருக்கிறவள் என்று சம்பூர்ணத்தையும் யாரும் கூப்பிடமாட்டார்கள். இதெல்லாம் பாயில் படுத்ததும் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என்ன செய்வாள்? விரலை வாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பாள். பல்லுக்கு விரல் தெரியும், விரலுக்குப் பல் தெரியாது.

மார்கழியில் மாணிக்கவாசகம் வீட்டிலிருந்து ஆள் வந்தது.

மாணிக்கவாசகம் நல்ல நெசவாளி, நல்ல மனுஷன்தான், ஆனால் பதற்றக்காரன். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவன் நெய்துகொண்டிருந்தான், இன்னொன்று பாவு தீர்ந்து சும்மா கிடந்தது. தை முகூர்த்தத்துக்கு மாம்பழ நிறத்தில் மூன்று சேலை, ஒரே கல்யாண வீட்டுக்கு. அவன் தம்பி ஒருவனை வரவழைத்து அந்தத் தறியில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் எந்தத் தறியும் ஆடாது, பாவு தொடமாட்டார்கள். அமாவாசைக்கு முந்தின நாள் பிணைத்து, அன்றைக்கே இழுத்தும் விடவேண்டும் என்றான்.

விடியற்காலை பனியில் தெருவை அடைத்துக்கொண்டு பாவை விரித்தார்கள். இந்தக் கோடியில் ஓர் ஊன்றுகால், அந்தக் கோடியில் ஓர் ஊன்றுகால், நடுவில் மாம்பழ நிறத்தில் ஒரு நீளக் கோடு. பக்கத்து வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லாம் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ரேஷன் அரிசிக் கஞ்சியில் பசையே இல்லையென்று ஒருத்தர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே கஞ்சியைத் தடவினார். பால்காரன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனான். கஞ்சி காய்ந்து, இழை பிரிந்து, பாவை மரத்தில் இறுக்கிச் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து தறியின் பின்னால் கட்டி முடித்தபோது வெயில் வந்துவிட்டது. அத்தனை பேரும் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இனிமேல் இரண்டு பெண்கள்தான்.

மாணிக்கவாசகத்தின் மனைவி கமலவேணி இரண்டு தம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அடுப்பிலிருந்து இறக்கின சூடு, தம்ளரின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் பிடித்திருந்தாள். நீலாம்பாள் வெறும் கையால் வாங்கி, முழு உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"நீலாம்பாக்கா கையி மரம்மா. எனக்குக் கொப்பளிச்சிடும்" என்று சிரித்தாள் கமலவேணி.

நீலாம்பாளும் சிரித்தாள். சம்பூர்ணம் சிரிக்கவில்லை. தன் காப்பியைத் தரையில் வைத்துவிட்டு, "வா அண்ணி, ஆரம்பிக்கலாம்" என்றாள்.

ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தறியில் மாணிக்கவாசகம் நெய்துகொண்டிருந்தான், அந்தச் சத்தத்தில் பொழுது போனது. சம்பூர்ணம் எடுத்து நீட்டுவாள், நீலாம்பாள் சாம்பலைத் தொட்டு முறுக்குவாள். விபூதி தீர்ந்துவிட்டிருந்தது. மார்கழிப் பூஜைக்கு வந்த கூட்டத்தில் பொட்டலம் வாங்க முடியவில்லை. வீட்டிலிருந்து பழைய வரட்டிச் சாம்பலைக் கொண்டுவந்திருந்தாள், அது பனியில் நமுத்துப்போய் விரலில் மாவுபோல ஒட்டியது. இப்போதெல்லாம் ஒவ்வோர் இழையையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் முறுக்கினாள். அதனால் கழுத்து வலித்தது. கழுத்து வலிப்பது நன்றாகத் தெரிந்தது!

மத்தியானம் ஆனபோது மூவாயிரம் தாண்டிவிட்டது. பசி வேளை. சம்பூர்ணம் கொல்லைப்பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள். நீலாம்பாள் முதுகை நிமிர்த்தி, பிணைத்த இழைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றை இழுத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. இழுத்தாள், வந்துவிட்டது. அடுத்ததை இழுத்தாள், நின்றது. மூன்றாவது வந்துவிட்டது. நாலாவதும் வந்துவிட்டது. அவசர அவசரமாக அந்த மூன்றையும் மறுபடி சேர்த்து முறுக்கினாள். இரண்டு நின்றது. ஒன்று நிற்கவில்லை.

சாம்பல்தான். வேறு என்ன? நமுத்த சாம்பலை வைத்துக்கொண்டு பட்டைப் பிடி என்றால் எப்படிப் பிடிக்கும்? சுடச்சுட எடுத்த சாம்பல் வேண்டும், ஈரமே இல்லாத சாம்பல். விபூதி நின்றது ஏன்? காய்ந்து கிடந்ததனால்தானே நின்றது.

"கமலவேணி, அடுப்புச் சாம்பல் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" என்று குரல் கொடுத்தாள்.

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த கமலவேணி திரும்பாமலே, "எடுத்துக்கக்கா. இப்பத்தான் சோறு வடிச்சேன். கொஞ்சம் ஆறட்டும்" என்றாள்.

ஆறினால் நமுத்துவிடாதா? நீலாம்பாள் உடைந்த சட்டியின் ஓடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அடுப்பின் அடியில் கைவிட்டு, வெள்ளையாய்ப் பூத்திருந்த சாம்பலை வாரிப் போட்டுக்கொண்டு வந்தாள். ஓட்டை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்ததும் கால் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து பனியில் விறைத்த உடம்புக்கு அது சுகமாக இருந்தது. சம்பூர்ணம் வந்து உட்கார்ந்து, எதையும் கவனிக்காமல் இழையை எடுத்து நீட்டினாள்.

நீலாம்பாள் சாம்பலில் விரலை ஊன்றினாள், எடுத்தாள், முறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள், நின்றது. அடுத்தது, அதுவும் நின்றது. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. சொன்னேனே, சாம்பல்தான் என்று! விரலை இன்னும் ஆழமாக ஊன்றினாள், எடுத்தாள், முறுக்கினாள். பத்து, இருபது, முப்பது. பாவு அவள் கைக்கு மறுபடி அடங்கி வருவதுபோல் இருந்தது.

பக்கத்துத் தறி நின்றது.

"பட்டு கருகற நாத்தம் வருதே" என்றான் மாணிக்கவாசகம்.

நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியாமல் இருக்காது. பட்டு எரிந்தால் மயிர் எரிகிற நாற்றம்தான் வரும். கமலவேணி அம்மியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மாணிக்கவாசகம் தறிப் பள்ளத்திலிருந்து காலை எடுத்துக்கொண்டிருந்தான். சம்பூர்ணம் பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டி ஓட்டைப் பார்த்தாள். சாம்பலுக்குள் வரட்டிக் கங்கு ஒன்று சிவப்பாக விழித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அண்ணியின் இரண்டு விரல்கள் ஊன்றியிருந்தன. நீலாம்பாள் பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளும் எங்கே பட்டு எரிகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

சம்பூர்ணம் ஒரு கையால் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து அவள் முந்தானைக்குள்ளேயே தள்ளினாள். இன்னொரு கையை, ஐந்து விரலையும் சேர்த்து, அந்தக் கங்கின்மேல் வைத்து அழுத்தினாள்.

அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ, சுட்டுடிச்சே, சுட்டுடிச்சே. சாம்பல்ல நெருப்பு இருந்துக்கினு இருக்குது, பாக்கலியே நான்" என்று கையை உதறி உதறிக் கத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அது நடிப்பு இல்லை.

"அப்ப இது விரலு கருகின நாத்தமா" என்றான் மாணிக்கவாசகம். பாவின்மேல் குனிந்து விளிம்பிலிருந்து விளிம்புவரைக்கும் தடவிப் பார்த்தான். "நல்லவேளை, பாவுக்கு ஒண்ணும் ஆவல" என்று பெருமூச்சு விட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவன் கவலை அவனுக்கு.

கமலவேணி கிண்ணத்தில் இட்லி மாவைக் கொண்டுவந்து சம்பூர்ணத்தின் விரல்களில் அப்பினாள். "ஆறட்டும்னு சொன்னேனேக்கா. கேட்டீங்களா? ஐயோ, எப்பிடிச் செவந்திருக்குது பாரு" என்று ஊதி ஊதி அப்பினாள். பிறகு நீலாம்பாளைப் பார்த்து, "உனக்கு எதுனா பட்டுதாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் நீலாம்பாள். முந்தானைக்குள் அவள் கை இருந்தது. உள்ளே என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியாது, பார்த்தால்தான் தெரியும்.

"இன்னும் எவ்ளோ இருக்குது?" என்று மாணிக்கவாசகம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நாளைக்குத் தொட முடியாது. அதான் கேக்கறேன்."

"எண்ணூறு இருக்கும். முடிச்சுடறோம் தம்பி, நீ போயி நெய்யி" என்றாள் சம்பூர்ணம்.

மாணிக்கவாசகம் தறிக்குப் போனான், கமலவேணி அடுப்பங்கரைக்குப் போனாள். தறிச் சத்தம் எழும்பிய பிறகுதான் நீலாம்பாள் கையை வெளியே எடுத்தாள். கட்டைவிரல் நுனி வெந்து வெளுத்திருந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு பெரிய கொப்புளம், அதன் ஓரம் கருகியிருந்தது. யாரோ ஒருத்தியின் விரலைப் பார்ப்பதுபோல அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சம்பூர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள். உதடு கடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது, நெற்றி முழுக்க வேர்வை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நெருப்பு எவ்வளவு சுட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஆடியிலேந்து தெரியும்."

"கந்தன் வூட்டுல நின்னுதே. ரெண்டே ரெண்டுதானே வழுக்கிச்சி. விபூதி நின்னுதே."

சம்பூர்ணம் மாவு காய்கிற விரலைப் பார்த்தாள். பிறகு, "நீ சாப்பிடப் போன நேரத்துல நான் உக்காந்து திருப்பி முறுக்கினேன். நூத்துக்கு மேல இருந்திச்சி. அந்த ரெண்டு என் கண்ணுல படல" என்றாள்.

"உனக்கு முறுக்க வராதே."

"வராதுதான். இருபது வருசம் பாத்துக்கினு இருந்தா கழுதைக்குக்கூட வரும். மெதுவா வரும்."

நீலாம்பாளுக்குக் கோபம் வந்தது. பொங்கல் வைத்தாளே அன்றைக்கு, அதை வாங்கித் தின்றாளே இவள்! சொல்லியிருந்தால் இன்றைக்கு அடுப்புக்குள் கையை விட்டிருப்பாளா? "ஏன்டி சொல்லல?" என்றாள். அடி என்று அவள் நாத்தனாரைக் கூப்பிட்டதே இல்லை.

"சொல்லி? சொன்னா விரலு வந்துடுமா? நீ சாம்பல், சாம்பல்னு சொல்லிக்கினு திரிஞ்ச. அதயும் புடுங்கிக்கச் சொல்றியா?" சம்பூர்ணத்தின் குரல் உடைந்தது. தறிச் சத்தத்துக்குள் அதை அடக்கிக்கொண்டாள். "செங்கல்பட்டு பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குதில்ல. புரட்டாசியில நான் போயி கேட்டுக்கினு வந்தேன். முசரவாக்கத்துல சாவு வூடுன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கி. மாத்திரை தராங்களாம். வருசக்கணக்குல துன்னணுமாம். குஷ்டம்னாலும் பயப்படாதீங்கன்னு அந்த நர்ஸம்மா நல்லாத்தான் பேசிச்சி."

அந்த வார்த்தையை இத்தனை மாசத்தில் முதல் தடவையாக ஒருத்தர் வாயால் கேட்டாள். இடி ஒன்றும் விழவில்லை. தறி அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"மாத்திரை துன்னா விரலுக்குத் தெரிய ஆரம்பிக்குமா?"

சம்பூர்ணம் பொய் சொல்லக்கூடியவள். ஆறு மாசமாகச் சொன்னவள்தானே? ஆனால் இப்போது அவளிடம் பொய் மிச்சம் இல்லை. "போனது வராதாம் அண்ணி. மேல போவாம நிக்குமாம்" என்றாள்.

"அப்ப இந்தக் கையி?"

"நான் முறுக்கறேன், நீ எடுத்துக் குடுன்னு சொல்லணும்னு இருந்தேன். இந்தப் பாவு முடியட்டும், தை பொறக்கட்டும்னு இருந்தேன்." சம்பூர்ணம் மாவு அப்பிய ஐந்து விரலையும் தூக்கிக் காட்டினாள். அவை இப்போதே வீங்கத் தொடங்கியிருந்தன. "இப்ப அதுவும் இல்ல."

நீலாம்பாளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அடிபட்டவள் அழாமல் இருக்கும்போது அடிபடாதவள் அழுதால் கமலவேணி வந்து என்னவென்று கேட்பாள். அழக்கூட அவளுக்கு வழி இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து மாணிக்கவாசகம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"ரொம்ப எரியுதா?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

"எரியுது."

"எப்படி எரியுது? நுனியிலயா, உள்ளயா?"

சம்பூர்ணம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி ஆறுதலுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. "நுனியிலதான் ஆரம்பிக்குது" என்று மெல்லச் சொன்னாள். "அப்புறம் நகத்துக்கடியில புடுங்குது. கையைக் கீழ தொங்கவிட்டா அதிகமாவுது. துடிதுடின்னு துடிக்குது."

நீலாம்பாள் தன் வலது கையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கொப்புளம் உடைந்து தண்ணீர் தரையில் சொட்டியது, அதைக் கண்ணால் பார்த்தாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். பாவின்மேல் சொட்டியிருந்தால் மாம்பழ நிறத்தில் கறை நின்றிருக்கும்.

சம்பூர்ணம் மாவு படாத இடது கையால் தடுமாறித் தடுமாறி ஒரு பழைய இழையைப் பிடித்தாள். அதற்கு இணையான புது இழையை எடுக்க இன்னொரு கை வேண்டும். சுட்ட விரலால்தான் அதை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து நீட்டினாள்.

"புடி அண்ணி" என்றாள்.

நீலாம்பாள் நமுத்துப்போன பழைய சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். இரண்டு இழையையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சேர்த்து முறுக்கினாள், மடித்து இன்னொரு தடவை முறுக்கினாள். நின்றதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இழுத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது. சம்பூர்ணம் அடுத்த இழையை நீட்டிக்கொண்டிருந்தாள்.